ஒண்ணு, ஒண்ணு, ரெண்டரை

அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வேலை கேட்டான். அதைச் செய்து கொடுக்க, அவன் செத்து ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் ஊருக்குப் போனேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. எப்படிச் சொன்னாலும் கேவலம்தான்.

சென்னையில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. தச்சர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லாரும் போன பிறகு கடைசியாக வருகிற ஆள் நான். ஒரு முக்காலி ஸ்டாண்டில் கட்டைவிரல் அளவு மைக் ஒன்றை நிறுத்துவேன். ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘ஊ...ப்’ என்று அடிமட்டத்திலிருந்து உச்சி வரை ஒரு சத்தம் போடும். அது சுவரில் மோதி, சோபாவில் அமுங்கி, மூலையில் தேங்கி மைக்குக்கு வந்து சேரும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், அறை எந்தச் சத்தத்தைத் தூக்கிக் காட்டுகிறது, எதை முழுங்குகிறது என்று இயந்திரமே கணக்குப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். ரூம் கரெக்‌ஷன் என்பார்கள். வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார். நான் பையை மூடிக்கொண்டு கிளம்புவேன்.

அண்ணன் கடலுக்குப் போகிறவன். பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, லைட் ஹவுஸ் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. நைனாவும் அம்மாவும் போன பிறகு அவனும் அண்ணியும்தான் அதில் இருந்தார்கள். அவனுக்குப் பாட்டு என்றால் உயிர். கடலிலிருந்து வந்து, வலையை உதறி, குளித்து, நாஷ்டா முடித்துவிட்டு பாட்டைப் போட்டால், தூக்கம் அவனைச் சாய்க்கும்வரை நிறுத்த மாட்டான். ஒரு தை மாதம், என் கஸ்டமர் ஒருவர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். பழசை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இரண்டு நெட்டை ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், ஒரு ஆம்ப். நல்ல சாமான். லோடு ஆட்டோ பிடித்து அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன்.

அளக்கிற மைக்கை மட்டும் அனுப்பவில்லை. அதைக் கொடுத்தால் அவன் எங்காவது தொலைத்துவிடுவான் என்று நினைத்தேன். நானே கொண்டு வந்து வைத்துத் தருகிறேன் என்று போனில் சொன்னேன். வாய் அளவில் சொன்னது அல்ல, போகத்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு என்றேன்.

அவன் அடுத்த ஞாயிறு வரை பொறுக்கிற ஆள் இல்லை. மைக் இல்லாவிட்டாலும் தூரத்தைக் கையாலேயே அந்த ஆம்ப்பில் போடலாம். உட்காருகிற இடத்திலிருந்து இடது ஸ்பீக்கர் எவ்வளவு, வலது எவ்வளவு, சப்-ஊஃபர் எவ்வளவு என்று கேட்கும். அவனாகவே போட்டுவிட்டான். பாட்டு வந்தது. ஆனால் அவன் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை.

என்ன கோளாறு என்பதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். நெட்டை ஸ்பீக்கர் இரண்டும் குரல், வயலின், தபலாவின் மேல்சத்தம் எல்லாம் பாடும். அடிச்சத்தத்தைத் தனியாகச் சப்-ஊஃபர் பெட்டி பாடும். இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில் இருக்கிற சத்தத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாட வேண்டும். தூரத்தில் இருக்கிற பெட்டியின் சத்தம் வந்து சேர நேரமாகும் என்பதால், கிட்டே இருக்கிற ஸ்பீக்கர்களை ஆம்ப் கொஞ்சம் பிடித்து வைத்து அனுப்பும். அதற்குத்தான் தூரம் கேட்கிறது. தூரத்தைத் தப்பாகச் சொன்னால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் போய்விடும். பெட்டி உறுமும், ஸ்பீக்கர் பாடும், நடுவில் ஓட்டை.

அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காது மட்டும் இருந்தது. “ஒட்டலடா” என்பான் போனில். “அது ஒரு பக்கம் பாடுது, இது ஒரு பக்கம் பாடுது. ஒட்டல. எப்ப வர்ற?”

வாரம் ஒரு தடவை இந்த போன் வரும். நான் யார் வீட்டிலாவது ஸ்டூல் மேல் நின்று வயரை இழுத்துக்கொண்டிருப்பேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வை, பின்னால் இருக்கிற சின்ன ஸ்விட்சை மாற்றிப் பார், சத்தத்தைக் குறை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்வேன். செய்துவிட்டு மறுபடி கூப்பிடுவான். ஒருநாள் கடுப்பாகி, என்னதான் நம்பர் போட்டிருக்கிறாய், படி என்றேன். “ஒண்ணு, ஒண்ணு, ரெண்டரை” என்றான். சரியாகத்தான் இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் அதுவாவது ஒரு காரணம் என்று இருந்திருக்கும். அறுபது கிலோமீட்டர் தூரம்தான். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று பதினோரு மாதம் ஓடிவிட்டது.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, மீன் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் போட் மண் தட்டிக் கவிழ்ந்தது. கூட இருந்த மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அண்ணனை மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள்.

அழுதாயா என்று கேட்டால், இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாடைக்கு முன்னால் சாவு மோளம் அடித்தார்கள். அதன் அடிச்சத்தம் எங்கள் வீட்டுச் சுவரில் பட்டு எங்கே தேங்குகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஆள் நான். மூன்றாம் நாள் கிளம்பி வந்து அதற்கு அடுத்த நாள் ஒரு வில்லாவில் வேலைக்குப் போய்விட்டேன். கால் மரத்துப்போனால் குத்தினாலும் தெரியாது இல்லையா, அப்படித்தான் அந்த வருஷம் முழுக்க இருந்தேன். சாப்பாடு இறங்கியது. தூக்கம் வந்தது. ஜோக் சொன்னால் சிரித்தேன்.

வருஷத் திதிக்குப் போயிருந்தபோது அண்ணிதான் பேச்சை எடுத்தாள். அவள் பக்கத்து ஊரான பசியாவரத்துப் பெண். மீன் வாங்கி பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் வருஷம் முடிகிறவரை பாட்டுப் போடக்கூடாது என்று பெட்டியின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போனதும் என்னிடம், அதைச் சரி பண்ணிக் கொடுங்கள் தம்பி என்றாள். அவர் தினமும் குந்திக்கொண்டு ஒட்டவில்லை ஒட்டவில்லை என்று சொல்லுவார், ஒட்டுவது என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். அவள் அதிகம் கேட்கிறவள் இல்லை. அண்ணன் போன பிறகு என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறே போனேன். அவன் செத்த பிறகு எனக்கு ஞாயிறு கிடைத்துவிட்டது.

அண்ணன் நடுச்சுவரை இடித்து, முன்னறையையும் பின்னறையையும் ஒரே நீள ஹாலாக ஆக்கியிருந்தான். ஒரு கோடியில் டிவி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அங்கே இடம் இல்லாததால் சப்-ஊஃபரை மறு கோடியில் வாசல் மூலையில் வைத்திருந்தான். உப்புக் காற்றில் வயர் முனையெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. அரை மணி நேரம் சுரண்டித் துடைத்தேன். அண்ணி பக்கத்தில் நின்று பழைய துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் எங்கே உட்காருவான் என்று கேட்டேன். டிவிக்கு எதிரே தரையில் ஓர் இடத்தைக் காட்டினாள். மைக்கை அங்கே, தரையில் உட்கார்ந்த ஆளின் காது உயரத்துக்கு நிறுத்தினேன். அடுத்து நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டதற்கு, நான் எங்கே உட்கார்ந்தேன், சமையல் கட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்பேன் என்றாள்.

அளப்பை ஆரம்பித்தேன். ஆம்ப் மறுத்துவிட்டது. அறையில் சத்தம் அதிகமாக இருக்கிறது, அமைதியாக்கிவிட்டு மறுபடி முயலவும் என்று டிவியில் எழுத்து வந்தது. ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் டிவியைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மறுபடி மறுத்தது. அப்போதுதான் கவனித்தேன், இத்தனையும் அடங்கிய பிறகு கடல் மட்டும் கேட்டது. வாடைக் காற்று நாள், அலை மண்ணில் விழுகிற ஒவ்வொரு தடவையும் தரை வழியாக ஓர் அதிர்வு வந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து கேட்டது என்பதால் அது எனக்குச் சத்தமாகவே தோன்றவில்லை. இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? அதற்கு எல்லாமே சத்தம். கடலை யார் போய் அணைப்பது என்றேன். அண்ணி கொஞ்சம் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று கொஞ்சம் விழுந்தது. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. இடது ஸ்பீக்கர் ‘ஊ...ப்’ என்றது. வலது. கடைசியில் பெட்டி, பீரோக் கதவு கடகடவென்று ஆட. ஆறு இடத்தில் மைக்கை மாற்றி மாற்றி வைத்து அளந்தேன். ஓர் இடம் சமையல் கட்டு வாசல்.

முடிவு டிவியில் வந்தது. இடது ஸ்பீக்கர் ஒன்று புள்ளி எட்டு மீட்டர். வலது ஒன்று புள்ளி எட்டு. பெட்டி நான்கு புள்ளி ஒன்பது. பெட்டிக்கு எப்போதும் இருக்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், பெட்டிக்குள்ளேயே ஆகிற தாமதத்தையும் தூரமாகச் சேர்த்துச் சொல்லும். டேப்பை எடுத்து அளந்தேன். நாலரைக்குக் கொஞ்சம் மேல்.

ஒன்று புள்ளி எட்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதற்கு ‘ஒண்ணு’ என்று போட்டிருந்தான். நாலரைக்கு ‘ரெண்டரை’. ஒரு பைத்தியக்காரன்கூட ஒன்று புள்ளி எட்டை ஒன்று என்று அளக்க மாட்டான். அளந்தது தப்பில்லை. அவன் அளந்தது பாகத்தில்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரின் ஆழமும் கயிற்றின் நீளமும் பாகம்தான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். இங்கே ஏழு பாகம் தண்ணி, அந்த வலைக்கு இருபது பாகம் கயிறு என்றுதான் பேச்சு. அண்ணன் ஸ்பீக்கரிலிருந்து தான் உட்காருகிற இடம்வரை கையை விரித்து அளந்திருக்கிறான். சரியாக ஒரு பாகம். பெட்டிக்கு இரண்டரைப் பாகம். மீட்டர் என்று கேட்ட இடத்தில் அதைப் போட்டுவிட்டான். பாகத்தின் கணக்குப்படி துளி பிசகில்லை. ஆனால் ஆம்ப் ஸ்பீக்கர்களைப் பிடித்து வைக்க வேண்டிய நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் பிடித்து வைத்தது. பெட்டி எப்போதும் பின்னால் வந்து சேர்ந்தது.

எழுந்து நின்று நானும் கையை விரித்துப் பார்த்தேன். என் பாகம் அவனுடையதைவிட நாலு விரல் குறைச்சல்.

ஒரு நிமிஷ வேலை. போனில் அவன் ‘ஒண்ணு’ என்றபோது, ஒண்ணு என்ன என்று ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். ஒரு மீட்டரில் உட்கார்ந்தால் மூக்கு ஸ்பீக்கரில் இடிக்கும் என்று தெரிவது என் தொழில். அந்த ஹால் நான் தவழ்ந்த வீடு. அந்தப் பேச்சு என் வீட்டுப் பேச்சு. இந்த மூன்றும் தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான், நான்தான் சரியாக இருக்கு என்று சொல்லி வைத்தேன்.

அப்போதும் அழுகை வரவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

அண்ணன் எப்போதும் போட்டுப் பார்க்கிற பழைய பாட்டை அண்ணியே எடுத்துக் கொடுத்தாள். அதில் பல்லவி முடிகிற இடத்தில் பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும். முதலில் அண்ணன் போட்ட எண்ணிலேயே ஓட்டினேன். இறங்குகிற நாலு படியில் இரண்டாவது, மூன்றாவது இல்லை. இருட்டில் படியில் கால் வைத்தால் படி இல்லாத மாதிரி இருந்தது. இங்கேதான் அவர் கையை நீட்டிக் காட்டுவார், பார் ஓட்டை என்பார் என்று அண்ணி சொன்னாள். பிறகு புதிய அளவை ஏற்றிவிட்டு ஓட்டினேன்.

நாலு படியும் இருந்தன. பெட்டி ஒரு மூலையில் இருப்பதே தெரியவில்லை. சத்தம் முழுக்க டிவிக்கு முன்னாலிருந்து, யாரோ வந்து உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி வந்தது. ஹாலின் சிமெண்ட் கூரை கிளப்புகிற முழக்கத்தையும் இயந்திரம் அமுக்கியிருந்தது. எத்தனையோ பங்களாவில் செய்திருக்கிறேன், இவ்வளவு நன்றாக ஒட்டிக் கேட்டதில்லை. நல்ல காது அண்ணனுக்கு. இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும் அவனுக்கு.

அண்ணி சமையல் கட்டு வாசலில் நின்றே முழுப்பாட்டையும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். அது முடிந்ததும், என்னதான் தப்பாக இருந்தது தம்பி என்று கேட்டாள்.

எனக்குப் பயம் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் எனக்கு முதன்முதலாக வந்த உணர்ச்சி பயம்தான். ஒரு நிமிஷ வேலை என்று தெரிந்தால் இவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம். அதனால் கஸ்டமர்களிடம் சொல்வதையே சொன்னேன். ரூம்தான் அண்ணி பிரச்சினை, நீள ஹால், சிமெண்ட் கூரை, அடிச்சத்தம் மாட்டிக்கொள்கிறது, இதையெல்லாம் மைக் வைத்து அளக்காமல் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றேன். மடமடவென்று வந்தது. பொய் சொல்லும்போது எனக்கு வாய் நன்றாக வேலை செய்யும்.

அண்ணி கேட்டுக்கொண்டாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“ஆடி மாசம் கோயிலுக்கு மைக் செட்டுக் கட்ட ஒருத்தரு வந்தாரு, அவுரு தண்ணி குடிக்க உள்ள வந்தாரு. குந்திக் கேட்டாரு. அப்பால நம்பரைப் பாத்துட்டு, இன்னாயா இது, மீட்டர் கேக்குற எடத்துல பாகத்தப் போட்டு வெச்சிகிறன்னு சிரிச்சாரு. தோ மாத்திடுறேன்னு கைய வெச்சாரு. உங்க அண்ணன்தான் வுடல.”

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“இத்தச் சரி பண்ணிட்டா தம்பி எதுக்கு வருவான்னாரு.”

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆடியிலிருந்து கார்த்திகைவரை நாலு மாதம். அந்த நாலு மாதமும் அண்ணன் வாரா வாரம் போன் பண்ணி, ஒட்டலடா, எப்ப வர்ற என்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் வாரா வாரம் ஒட்டாததற்கு மட்டும் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒரு நிமிஷ வேலை அண்ணி” என்றேன். “ஒண்ணுன்னா இன்னான்னு நான் கேக்கல.”

“தெரியும் தம்பி” என்றாள்.

ஃபிரிட்ஜை மறுபடி மாட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். மைக்கைக் கழற்றிப் பையில் வைக்கப்போய், வேண்டாம் என்று டிவி பக்கத்திலேயே வைத்தேன். சோறு போட்டாள், சாப்பிட்டேன். இறால் தொக்கு. ருசி தெரிந்தது, அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறது என்று தெருவில் போன யாரோ சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அண்ணி வாசல்வரை வந்தாள்.

“வேல முடிஞ்சிச்சு” என்றாள். “இனிமே வருவீங்களா தம்பி?”

“வரேன் அண்ணி, அடுத்த ஞாயிறு” என்றேன். பதினோரு மாதம் அண்ணனிடம் சொன்ன அதே குரலில்தான் அது வந்தது. எனக்கே கேட்டது.